சொந்தமாகச் செய்த காற்றாலை: இறக்கை சுற்றுகிறது, ஆம்பியர் வரவில்லை

இறக்கை நன்றாகச் சுற்றுகிறது, அம்மீட்டர் முள் மட்டும் அசையவே இல்லை. அதிகம் கேட்கும் புகார் இதுதான். கேட்டவுடன் பலர் கை வைப்பது காயிலில். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். காயில்களை ரெசினில் வைத்து வார்த்த ஸ்டேட்டரை ஒருமுறை உடைத்தால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. பல நேரம் குறை அங்கே இருப்பதும் இல்லை.

முதலில், எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 2.4 மீட்டர் விட்டம் உள்ள மூன்று இறக்கைக் காற்றாலை 4.5 சதுர மீட்டர் காற்றைப் பிடிக்கிறது. நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்றில் அந்தப் பரப்பில் மொத்தம் இருப்பதே 75 வாட். எவ்வளவு அருமையான இறக்கையானாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது; அது பெட்ஸ் எல்லை. கையால் செதுக்கிய இறக்கை, டயோடு, ஒயர் எல்லாம் தாண்டிப் பேட்டரிக்குள் 15 வாட் போனாலே நல்ல இயந்திரம். அதே இயந்திரம் 5 மீட்டர் காற்றில் 80 வாட்டை ஒட்டித் தரும், 10 மீட்டர் காற்றில் 700 வாட்டை நெருங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு என்பதால்தான் இப்படி. ஆகவே இலை மட்டும் அசையும் காற்றில் 1 ஆம்பியர்தான் வருகிறதே என்று வருந்தினால், அது குறையே அல்ல.

கணக்கில் வர வேண்டியது வரவில்லை என்றால் அடுத்த சோதனை கையால். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து ஜெனரேட்டரின் மூன்று ஒயரையும் கழற்றிவிட்டு, நொடிக்கு ஒரு சுற்று, அதாவது 60 ஆர்பிஎம் வேகத்தில் சீராகச் சுற்றுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று ஜோடியையும் அளந்து எழுதுங்கள். வோல்ட் சுற்று வேகத்துக்கு நேர்விகிதம். 60 ஆர்பிஎம்மில் 3.8 வோல்ட் என்றால் 158 ஆர்பிஎம்மில் 10 வோல்ட். மீட்டர் காட்டும் அந்த 10 வோல்ட் ஏசி அலையின் உச்சம் 14. டயோடு இரண்டு சேர்ந்து 1.4 தின்றால் மிச்சம் 12.6. அதாவது 12 வோல்ட் பேட்டரி அங்கேதான் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். 2.4 மீட்டர் இறக்கை, முனை வேகம் காற்றைப் போல் ஆறு மடங்கு என்று வைத்தால், 3.3 மீட்டர் காற்றில் 158 ஆர்பிஎம்மைத் தொடும். சரியான பொருத்தம்.

* * *

மேலே சொன்ன 3.8 வோல்ட்டையே பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். அந்த மூன்று எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும்.

ஒன்பது காயில், ஸ்டேட்டரின் இரு பக்கமும் சுற்றும் தட்டு ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காந்தம், ஸ்டார் இணைப்பு (மூன்று ஃபேஸுக்கும் ஒரு நுனி ஒரே முனையில் சேர்வது) என்று வைத்துக்கொள்வோம். 1-4-7 ஒரு ஃபேஸ், 2-5-8 ஒன்று, 3-6-9 ஒன்று. மூன்று அளவும் 3.8 என்று வந்தால் ஸ்டேட்டர் சுத்தம், அதைத் தொடாதீர்கள். 3.8, 2.6, 2.6 என்று வந்தால் ஒரே ஒரு காயில் தலைகீழாக இணைந்திருக்கிறது. அந்த ஃபேஸில் இரண்டு காயில் கூட்ட, மூன்றாவது கழிக்க, மூன்று பங்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். 3.8, 2.2, 2.2 என்றால் ஒரு ஃபேஸ் முழுவதுமே ஸ்டார் முனையில் தலைமாற்றி இணைந்திருக்கிறது. இது எளிய குறை: அந்த ஃபேஸின் இரண்டு நுனியையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. ஸ்டார் முனையை ரெசினுக்குள் புதைக்காமல் ஆறு நுனியையும் வெளியே எடுத்து வைப்பவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. புதைத்தவர்கள் படும் பாட்டைச் சொல்லி முடியாது, அதனால் அடுத்த ஸ்டேட்டரிலாவது வெளியே எடுங்கள்.

மூன்றும் சமம், ஆனால் எதிர்பார்த்ததில் பாதி என்றால் காந்தப் பக்கம் போங்கள். எதிரெதிர் தட்டுகளில் வடக்குக்கு எதிரே தெற்கு வர வேண்டும். தட்டுகளை நெருக்கும்போது ஆளை இழுக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். தள்ளினால் ஒரு காந்த இடம் தவறியிருக்கிறது. காந்தத்தின் முதுகில் இரும்புத் தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். அலுமினியத் தட்டோ பிளைவுட்டோ வைத்தால் காந்தப்புலம் திரும்பி வர வழியில்லை. நியோடிமியம் காந்தத்தில் சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிரந்தரமாகவே வலு இழக்கும். ஒருமுறை ஸ்டேட்டர் கருகிய இயந்திரத்தில் புதுக் காயில் போட்டும் வோல்ட் குறைந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

* * *

கையால் சுற்றும்போதே இன்னொன்றும் கவனிக்கலாம். ஒயரெல்லாம் கழன்றிருக்கும்போது இறக்கை வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மூன்று ஒயரையும் சேர்த்து ஷார்ட் செய்தால் தேனுக்குள் சுற்றுவதுபோல் சீராக இறுகும். இரண்டை மட்டும் ஷார்ட் செய்தால் விட்டுவிட்டு இறுகும். ரெக்டிஃபையரோடு இருக்கும்போது இப்படி விட்டுவிட்டு இறுகி, அதைக் கழற்றியதும் வழுக்கினால் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. எல்லாம் கழன்ற பிறகும் இறுகினால் பேரிங் அல்லது காந்தம் ஸ்டேட்டரில் உரசல். இரண்டும் இல்லையென்றால் காயிலுக்குள் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட். அந்த இடம் கொஞ்ச நேரம் ஓடினாலே சூடாகும், தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

டயோடைச் சோதிக்கும்போது ஆறையும் சோதியுங்கள். ஒரு திசையில் 0.4 முதல் 0.7 வோல்ட், மறு திசையில் ஒன்றும் காட்டக் கூடாது. ஒன்று திறந்துபோனால் இயந்திரம் உறுமும், டவர் அதிரும், ஆம்பியர் குறையும்.

* * *

12 வோல்ட்டில் ஓட்டுபவர்கள் ஒயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டவரிலிருந்து பேட்டரி 30 மீட்டர் என்றால் டிசியில் போக வர 60 மீட்டர். 6 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் அது 0.17 ஓம். 20 ஆம்பியர் ஓடும்போது 3.4 வோல்ட் அதிலேயே போகும், வாட்டில் 69. டயோடில் இன்னொரு 28 வாட். அதே சக்தியை 24 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் 10. ஒயர் இழப்பு 17 வாட்டாகக் குறையும், டயோடில் 14. புதிதாகக் காயில் சுற்றப்போகிறவர்கள் 24-க்குச் சுற்றுங்கள்.

இணைப்புகளை மின்னோட்டம் ஓடும்போதே சோதியுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முனை வையுங்கள். 100 மில்லிவோல்ட் காட்டினால் அதைக் கழற்றித் தேய்த்துத் திரும்ப முறுக்க வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற இணைப்பு உள்ளே பச்சை பூத்திருக்கும்.

* * *

இதுவரை வந்தவை குறைகள். எல்லாமே சரியாக இருந்தும் ஆம்பியர் வராத ஒரு நிலை இருக்கிறது, அதுதான் பலரைக் குழப்புகிறது: ஸ்டால். இறக்கை தாங்குகிற அளவுக்கு மேல் ஜெனரேட்டர் பிடித்து இழுக்கிறது.

இதைப் பிடிக்க டேக்கோமீட்டர் தேவையில்லை. பன்னிரண்டு துருவ இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு ஆறு அலை. மீட்டரை ஹெர்ட்ஸில் வைத்து வந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஆர்பிஎம். 6 மீட்டர் காற்றில், லோடோடு, 19 ஹெர்ட்ஸ் காட்டினால் 190 ஆர்பிஎம். 2.4 மீட்டர் இறக்கையின் முனை அப்போது நொடிக்கு 24 மீட்டர் ஓடுகிறது, காற்றைப் போல் நான்கே மடங்கு. ஆறு மடங்குக்குச் செதுக்கிய இறக்கைக்கு இது மிகக் குறைவு. 28 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். காற்று ஏறியும் ஹெர்ட்ஸ் ஏறவில்லை, இறக்கை சத்தமே இல்லாமல் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் இது. பேட்டரி வோல்ட் நிலையாக நிற்பதால் ஜெனரேட்டர் அதற்கு மேல் வேகம் ஏற விடுவதில்லை. தடித்த கம்பி, குறைந்த இடைவெளி, வலுவான காந்தம் எல்லாம் சேர்ந்தால் ஜெனரேட்டர் மிகத் திறமையானதாகிவிடும், இறக்கைதான் மூச்சுத் திணறும். தீர்வு, காந்தத் தட்டுகளுக்கு நடுவே வாஷர் போட்டு இடைவெளியை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கூட்டுவது. ஒவ்வொரு தடவையும் ஸ்டேட்டர் நடுவில் நிற்கிறதா பார்த்து, 60 ஆர்பிஎம் வோல்ட்டைத் திரும்ப எழுதுங்கள். வோல்ட்டைக் குறைத்தால் ஆம்பியர் கூடும் என்பது நம்பக் கடினம், ஆனால் ஸ்டாலில் நடப்பது அதுதான். லோடைத் தானே கூட்டிக் குறைத்து அதிகபட்ச சக்தியை எடுக்கும் எம்பிபிடி கன்ட்ரோலர் வைத்தாலும் தீரும். லோடு இல்லாதபோது இயந்திரம் தரும் வோல்ட்டை அது தாங்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் நிலையும் உண்டு: இறக்கை சீறிக்கொண்டு பறக்கும், ஆம்பியர் பூஜ்யம். அங்கே வோல்ட் போதவில்லை. இடைவெளியைக் குறையுங்கள், அல்லது ஃபேஸ்கள் முக்கோணமாக இணைந்த டெல்டாவில் இருந்தால் ஸ்டாருக்கு மாற்றுங்கள், வோல்ட் 1.73 மடங்காகும்.

* * *

டிரெட்மில் மோட்டாரை வைத்துச் செய்பவர்களுக்கும் இதே கணக்கு. பெயர்ப்பலகையில் 130 வோல்ட், 6500 ஆர்பிஎம் என்றிருந்தால் ஒரு வோல்ட்டுக்கு 50 ஆர்பிஎம். 13 வோல்ட்டுக்கே 650 ஆர்பிஎம் வேண்டும். 2 மீட்டர் இறக்கை மெதுவான காற்றில் அதைத் தொடாது. கார் ஆல்டர்னேட்டர் இன்னும் மோசம், அதற்குக் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு மின்னோட்டமும் நாமே தர வேண்டும்.

இறக்கையைத் திருப்பி மாட்டுவதும் நடக்கிறது. தட்டையான பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், உருண்ட விளிம்பு முன்னே ஓட வேண்டும். திருப்பி மாட்டினாலும் சுற்றும், அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

* * *

மொட்டைமாடியில் 2 மீட்டர் குழாயில் நிற்கும் இயந்திரத்துக்கு எந்தப் பழுதுபார்ப்பும் உதவாது. கட்டடத்தின் உயரம் 6 மீட்டர் என்றால் அதன் பின்னால் காற்று கலங்குவது 12 மீட்டர் உயரம் வரை எட்டும், தூரத்தில் 100 மீட்டரைத் தாண்டும். இறக்கையின் கீழ்முனை சுற்றுவட்டாரத்தில் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 9 மீட்டராவது மேலே நிற்க வேண்டும். வால் ஓயாமல் இடமும் வலமும் ஆடினால் இயந்திரம் கலங்கிய காற்றில் நிற்கிறது என்று அர்த்தம். நல்ல காற்றிலும் பக்கவாட்டாகத் திரும்பி ஒதுங்கினால் பலத்த காற்றில் இறக்கையை ஒதுக்கிக் காக்கும் மடங்கும் வாலின் எடை போதவில்லை. முனையில் கொஞ்சம் எடை கூட்டிப் பாருங்கள், ஆனால் அளவோடு. மடங்கவே மடங்காத வால் புயலில் ஸ்டேட்டரைக் கருக்கும்.

* * *

பேட்டரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. சல்ஃபேட் படிந்த லெட் ஆசிட் பேட்டரி 2 ஆம்பியர் உள்ளே போனவுடனேயே 14.4 வோல்ட்டுக்கு எகிறும். கன்ட்ரோலர் அதை நிறைந்த பேட்டரி என்று நினைத்து மிச்சத்தை டம்ப் லோடுக்கு, அதாவது உபரி மின்சாரத்தைச் சூடாக்கித் தீர்க்கும் ரெசிஸ்டருக்குத் தள்ளிவிடும். அம்மீட்டரைப் பேட்டரி ஒயரில் வைத்திருந்தால் காற்றாலையே மந்தம் என்று தோன்றும். டம்ப் லோடின் ரெசிஸ்டர் சூடாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் காற்றில்லாத நேரத்தில் பேட்டரியில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டுங்கள். 4.5 ஆம்பியருக்கு வோல்ட் நிமிடங்களில் 11-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிதான் போயிருக்கிறது.

ஆனால் இறக்கை சுற்றும்போது பேட்டரியை மட்டும் கழற்றாதீர்கள். லோடு போன நொடியில் இறக்கை வேகமெடுக்கும், வோல்ட் பல மடங்காக ஏறி எலக்ட்ரானிக்ஸை எரிக்கும். நிறைந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் சோலார் கன்ட்ரோலரை இங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் இதனால்தான். முதலில் காற்று தணியட்டும். மூன்று ஏசி ஒயரையும் ரெக்டிஃபையருக்கு முன்னால் ஷார்ட் செய்து இறக்கையை நிறுத்துங்கள். பேட்டரி கிளாம்பில் அதன் பிறகு கை வையுங்கள்.