அகதா கிறிஸ்டி: முதலில் எதைப் படிப்பது?

வாசகி_மதுரை: விறுவிறு கிரைம் நாவல்களே படித்துப் பழகிய தோழிக்கு அகதா கிறிஸ்டியில் ஒன்று வேண்டும். தொடர் வரிசை தேவைப்படாததாக இருந்தால் நல்லது.

இரவுப்பூனை: யோசிக்கவே வேண்டாம், 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939). இங்கிலாந்தின் டெவன் கரையோரத் தீவில் பத்துப் பேர், கிறிஸ்டியின் வழக்கமான துப்பறிவாளர் யாரும் இல்லை. தடுமாறுவது முதல் அத்தியாயத்தில்தான். எட்டுப் பேர் அடுத்தடுத்து அறிமுகமாவார்கள், பெயர்கள் குழம்பும். வேலைக்காரத் தம்பதி தீவில் சேர்ந்துகொள்வார்கள். பத்துப் பெயரையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கிராமபோன் ஒவ்வொருவர் மீதான குற்றச்சாட்டையும் படிக்கும்போது அவரவர் பெயருக்கு எதிரே குறித்தால் போதும், பிறகு வேகம்தான். அறைச் சுவரில் தொங்கும் குழந்தைப் பாட்டைத் தாவ வேண்டாம். சாவுகளின் வரிசை அதில்தான் இருக்கிறது.

கடைசிப்பக்கம்: படத்தை முதலில் பார்க்கவே கூடாது. 1943இல் நாடகமாக்கியபோது கிறிஸ்டியே முடிவை மாற்றினார், 1945 படம் அதைத்தான் பின்பற்றியது. நாவலின் முடிவு இன்னும் கொடூரம், இன்னும் நேர்த்தி. முன்னுரையையும் கடைசியில் படிக்கலாம், சில பதிப்புகளில் குட்டு உடைந்துவிடும்.

வாசகி_மதுரை: பிடித்துப்போனால் அடுத்தது?

இரவுப்பூனை: 'தி மர்டர் ஆஃப் ராஜர் அக்ராய்ட்' (1926). கிறிஸ்டியின் புகழ்பெற்ற துப்பறிவாளர் பொய்ரோ வருவார். அதைப் பற்றி இணையத்தில் எதையும் தேடாமல் படிக்கச் சொல்லுங்கள்.