மிளகு காரமா இருக்கு

குழு: பட்டுக்கோட்டை வீடு
சனிக்கிழமை

காலை 7:08 | சாந்தி பெரியம்மா: ரவி போனை எடு

7:08 | சாந்தி பெரியம்மா: அப்பாவை கீழ கார்டன்ல ஏதோ கடிச்சிருச்சு. வலது கை மோதிர விரல். ரெண்டு புள்ளி, ரத்தம் கசியுது

7:09 | வசந்தா அத்தை: ஐயோ அண்ணி என்னாச்சு?? பூரானா பாம்பா

7:09 | சாந்தி பெரியம்மா: தெரியல. உரச் சாக்கைத் தூக்கியிருக்கார், அதுக்கு அடியில இருந்து. கறுப்பா என்னமோ நெளிஞ்சு போச்சுன்றார்

7:10 | வசந்தா அத்தை: பதறாதீங்க. முதல்ல நாலு மிளகை வாயில போட்டு மெல்லச் சொல்லுங்க. காரம் தெரிஞ்சா விஷம் ஏறலைன்னு அர்த்தம். எங்கப்பா இப்படித்தான் பார்ப்பார்

7:11 | வசந்தா அத்தை: நான் போன வருஷம் கொடுத்த சிறியாநங்கை தொட்டியில இருக்குல்ல, ஒரு கைப்பிடி இலை பறிச்சு அரைங்க. கடிவாயில மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசுங்க

7:13 | முத்து பெரியப்பா: மிளகு காரமா இருக்கு. ஒண்ணுமில்ல. இடது கையால அடிக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தா மன்னிக்க

7:13 | வசந்தா அத்தை: அப்பாடா. முருகா 🙏

7:14 | காயத்ரி: நைட் ஷிஃப்ட் முடிஞ்சு இப்பத்தான் பஸ் ஏறினேன். பெரியப்பா நடக்காதீங்க, அப்படியே உட்காருங்க. பெரியம்மா 995 அடிங்க. இப்பவே

7:15 | முத்து பெரியப்பா: ஆம்புலன்ஸ் எதுக்கு, காசு கேப்பான். எட்டு மணிக்கு பாலிகிளினிக் திறக்கும், டாக்சில போய்க்கலாம்

7:15 | காயத்ரி: சிங்கப்பூர்ல அவசர கேஸுக்குக் காசு கிடையாது. பாலிகிளினிக்ல இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, அவங்களும் ஆம்புலன்ஸ்தான் கூப்பிடுவாங்க

7:16 | காயத்ரி: மிளகு காரமா இருந்தா நாக்கு நல்லா இருக்குன்னு அர்த்தம் பெரியப்பா. விரல்ல என்ன இறங்கியிருக்குன்னு நாக்குக்கு எப்படித் தெரியும்

7:17 | சாந்தி பெரியம்மா: அடிச்சிட்டேன். வர்றாங்களாம். கையை ஆட்டாம வைக்கச் சொல்றாங்க. துண்டால மேல்கையில இறுக்கிக் கட்டிடவா

7:17 | காயத்ரி: வேணாம் வேணாம். கட்டாதீங்க. ரத்த ஓட்டம் நின்னு கையே கறுத்துடும். கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. ஒரு காகித அட்டையைக் கைக்கு அணைச்சு வச்சுத் தளர்வாச் சுத்துங்க போதும்

7:18 | காயத்ரி: மோதிரத்தைக் கழட்டுங்க. வீங்கினா வராது

7:19 | முத்து பெரியப்பா: 31 வருஷமா கழட்டினதில்ல. நவரத்தினம்

7:20 | சாந்தி பெரியம்மா: சோப்புப் போட்டு இழுத்துப் பாத்தாச்சு. விரல் இப்பவே கொழுக்கட்டை மாதிரி இருக்கு

7:20 | ரவி: இப்பத்தான் பாத்தேன். பொங்கோல்ல இருந்து கிளம்பிட்டேன். அம்மா பாம்பைத் தேடிக்கிட்டு யாரும் கீழ போகாதீங்க

7:21 | சாந்தி பெரியம்மா: பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, தண்ணி ஊத்த வந்திருந்தாங்க. அவங்க நடைபாதையில நின்னே போன்ல எடுத்திருக்காங்க, அனுப்புறேன்

7:21 | சாந்தி பெரியம்மா: படம்

7:22 | ரவி: மக்சிக் படம் எடுக்க, அதுவும் படம் எடுத்திருக்கு

7:22 | காயத்ரி: சிரிக்கிற நேரமா அண்ணா. கறுப்பு நாகம் அது. சிங்கப்பூர்ல இருக்கிறது விஷத்தைத் துப்பும். பெரியப்பா கண்ணுல பட்டுச்சா? பட்டிருந்தா குழாயைத் திறந்துவிட்டு கால் மணி நேரம் கழுவணும்

7:23 | வசந்தா அத்தை: கண்ணுல துளசிச் சாறு விடலாமே

7:23 | காயத்ரி: அத்தை. தண்ணி. வெறும் தண்ணி

7:23 | சாந்தி பெரியம்மா: கண்ணுல படல

7:24 | காயத்ரி: சரி. மக்சிக்கிட்ட சொல்லி பிள்ளைங்க யாரும் அந்தப் பக்கம் போகாம பாத்துக்கச் சொல்லுங்க. பூங்கா வாரியம் என்பார்க்ஸ் 1800 476 1600, அவங்க பாம்பு பிடிக்க ஆள் அனுப்புவாங்க. அந்தப் போட்டோவை டாக்டர்கிட்ட காட்டுங்க, அது முக்கியம்

7:27 | சாந்தி பெரியம்மா: ஆம்புலன்ஸ் வந்துருச்சு

7:28 | வசந்தா அத்தை: அண்ணி இலையை அரைச்சு டப்பாவுல எடுத்துக்குங்க. டாக்டருக்குத் தெரியாம ரெண்டு உருண்டை

7:28 | காயத்ரி: வாயில எதுவும் கொடுக்கக் கூடாது அத்தை. முழுங்க முடியாமப் போனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்

7:30 | வசந்தா அத்தை: நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே எங்க வீட்டுத் திண்ணையில வந்து படுத்து, மறுநாள் நடந்து போனவங்க எத்தனை பேர் தெரியுமா. நீ படிச்சிருக்கலாம். நான் கண்ணால பாத்திருக்கேன்

8:41 | ஊர் சித்தப்பா: இங்க மணி ஆறு பத்து, இப்பத்தான் எழுந்து பாக்குறேன். அண்ணனுக்கு எப்படி இருக்கு?

8:44 | ரவி: எமர்ஜென்சில இருக்கோம் சித்தப்பா. அம்மா பூசின மஞ்சள் சுண்ணாம்பு காய்ஞ்சு ஓடு மாதிரி ஒட்டிக்கிச்சு, பல் பட்ட இடமே தெரியல. அதை ஊற வச்சுக் கழுவத்தான் முதல் பத்து நிமிஷம் போச்சு. அப்பா அப்பத்தான் முதல்தடவையா கத்தினார். மோதிரத்தை வெட்டிட்டாங்க. வீக்கம் மணிக்கட்டு வரைக்கும் வந்திருக்கு, அது முடியற இடத்துல பேனாவால கோடு போட்டு 8:20ன்னு எழுதி வச்சிருக்காங்க

8:46 | வசந்தா அத்தை: அந்த உருண்டையைக் கொடுத்திருந்தா வீக்கமே வந்திருக்காது. தம்பி நீயே சொல்லு இவங்களுக்கு, அப்பா எத்தனை பேரைப் பிழைக்க வச்சார்னு

8:59 | ஊர் சித்தப்பா: அக்கா, ஒரு விஷயம் உன்கிட்ட சொல்லாமலே இருந்துட்டோம். நீ 79ல கல்யாணமாகி சிங்கப்பூர் போயிட்ட. இது 83 ஐப்பசி. நம்ம வயல்ல வேலை பாத்த சின்னையன் ஞாபகம் இருக்கா? மழைன்னு நம்ம மாட்டுக் கொட்டகையில தரையில சாக்கு விரிச்சுப் படுத்திருந்தான். நடு ராத்திரி வந்து அப்பாவை எழுப்பி, கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்குங்கன்னான். வீக்கம் இல்ல, வலி இல்ல. அரிக்கேன் வெளிச்சத்துல கடிவாயைத் தேடித்தான் பாக்கணும். அப்பா இலையை மெல்லக் கொடுத்தார். கசக்குதான்னார். கசக்குதுங்கன்னான். அப்பாவுக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அரைச்சு ஒரு உருண்டை கொடுத்து திண்ணையில படுக்க வச்சார். பக்கத்துல நான்தான் இருந்தேன்.
விடியக்காலம் வயிறு வலிக்குதுன்னான். அப்புறம் கண்ணைத் திறடான்னா திறக்க மாட்டேங்குறான். தூக்கம்னு நினைச்சேன். தூக்கமில்லக்கா, இமையைத் தூக்க முடியல. நான் விரலால தூக்கிப் பாத்தா முழி என்னையே பாக்குது. பேச்சு குழறிடுச்சு. அப்பா மறுபடி இலை கொடுத்தார், அது கடைவாய் வழியா வழிஞ்சுச்சு. முதல் பஸ்ஸுல பட்டுக்கோட்டைக்குத் தூக்கிட்டு ஓடினோம். போற வழியிலேயே மூச்சு நின்னுடுச்சு. வந்து சாக்கைப் புரட்டினா கட்டுவிரியன்.
அதுக்கப்புறம் அப்பா யாருக்கும் இலை கொடுக்கல. கொல்லையில இருந்த செடியை அவரே பிடுங்கிப் போட்டார். கடிபட்டு யாராவது வந்தா, பஸ்ஸுக்குக் காசு இருக்கான்னு மட்டும்தான் கேப்பார்

9:00 | ரவி: சித்தப்பா இது எங்க யாருக்குமே தெரியாது

9:11 | வசந்தா அத்தை: அப்ப முன்னாடி பிழைச்சவங்க எல்லாம்?

9:13 | ஊர் சித்தப்பா: பாதிப் பேருக்கு சாரை, தண்ணிப்பாம்பு, கொம்பேறி மூக்கன். அதுக்கெல்லாம் இலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்

9:15 | காயத்ரி: நல்ல பாம்பே கடிச்சாலும் சில நேரம் விஷத்தை இறக்காம பல்லு மட்டும் பதியும் அத்தை. அன்னைக்கு என்ன கொடுத்தாங்களோ அதுக்குப் பேர் வந்துடும். விஷம் இறங்கியிருக்கா இல்லையான்னு கடிச்ச உடனே பாத்துச் சொல்ல முடியாது. அதுக்குத்தான் ஒரு நாளாவது படுக்க வச்சுப் பாக்குறது

9:18 | வசந்தா அத்தை: சர்ப்பகந்தி வேர்? அதை வெள்ளைக்காரனே மருந்துன்னு ஒத்துக்கிட்டானே

9:20 | காயத்ரி: ஒத்துக்கிட்டது ரத்தக் கொதிப்புக்கு. 1952ல அந்த வேர்ல இருந்து ரெசர்பின்னு ஒண்ணு பிரிச்சு எடுத்தாங்க, பிரஷரைக் குறைக்கிற மருந்து. கண்ணாடிவிரியன் கடிச்சு ஏற்கெனவே பிரஷர் இறங்கிக்கிட்டிருக்கிற ஆளுக்கு அதைக் கொடுத்தா?

9:20 | வசந்தா அத்தை: ம்

9:31 | ஊர் சித்தப்பா: மூலிகை தெரிஞ்சவங்கன்னா இருளர்களுக்கு மேல யாரு. அவங்கதான் சென்னைக்குத் தெற்க வடநெம்மேலில 1978ல சங்கம் வச்சு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுத்தோட விஷத்தையும் எடுத்துக் கொடுக்குறாங்க. அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, குதிரை ரத்தத்துல இருந்து முறிமருந்து பண்றாங்க. அந்த ஆளுங்கள்ல ரெண்டு பேருக்கு, மாசி சடையன், வடிவேல் கோபால், 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க

9:34 | ரவி: இந்தியாவுல 2000ல இருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க 12 லட்சம்னு ஒரு ஆய்வு போட்டிருக்கு. வருஷத்துக்கு சராசரி 58,000. வெளியில உட்கார்ந்து இதைத்தான் படிச்சிட்டிருக்கேன்

9:34 | காயத்ரி: அண்ணா போனைக் கீழ வச்சிட்டு ஒரு கோப்பி குடிங்க

பிற்பகல் 2:16 | ரவி: வீக்கம் முழங்கையைத் தொட்டிருச்சு. கையில இப்ப நாலு கோடு. விரல்ல கடிச்ச இடத்துல ஊதாவா கொப்புளம். முறிமருந்து டிரிப்ல போகுது, அலர்ஜி வருதான்னு பாக்க ஒரு நர்ஸ் பக்கத்துலயே நிக்குறாங்க

2:17 | காயத்ரி: கண் இமை தொங்குதா? பேச்சு, மூச்சு?

2:18 | ரவி: பேச்சுக்கு ஒரு குறையும் இல்ல. கத்தரிச் செடிக்கு யார் தண்ணி ஊத்துறதுன்னு மூணு தடவை கேட்டுட்டார்

மாலை 6:05 | சாந்தி பெரியம்மா: மக்சிக் போன் பண்ணாங்க. பாம்பைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களாம். செடிக்கும் அவங்களே ஊத்திட்டாங்க

ஞாயிற்றுக்கிழமை

காலை 9:22 | முத்து பெரியப்பா: நான் நலம். வீக்கம் நின்னுருச்சு. விரல்ல கொஞ்சம் சதை போகும், டிரெஸ்ஸிங் பண்ணணும்னு டாக்டர் சொல்றார். இட்லி வேண்டும். மோதிரம் எங்கே

9:25 | ரவி: ரெண்டு துண்டா பையில இருக்கு அப்பா. கோமேதகம் தெறிச்சு கட்டிலுக்கு அடியில போயிடுச்சு, ஒரு நர்ஸ் டார்ச் அடிச்சுத் தேடிக் கொடுத்தாங்க. தேக்கா நகைக்கடையில கொடுத்து ஒட்டிக்கலாம்

9:40 | வசந்தா அத்தை: அண்ணே இட்லி நான் எடுத்துட்டு வர்றேன், பதினோரு மணிக்கு

9:52 | வசந்தா அத்தை: தம்பி, சின்னையன் சம்சாரம் இருக்காங்களா?

10:05 | ஊர் சித்தப்பா: இருக்காங்கக்கா. நம்ம தெருக்கோடிதான்

10:07 | வசந்தா அத்தை: நான் ஊருக்கு வர்ற ஒவ்வொரு தடவையும், அந்தப் பொண்ணுக்கு ஒரு சேலை எடுத்துட்டு வான்னு அப்பா லெட்டர்ல எழுதுவார். எனக்குக் கோபமா வரும். வேலைக்காரன் பொண்டாட்டிக்கு தேக்காவுல சேலையான்னு. கடைசிவரைக்கும் ஏன்னு கேட்டதே இல்ல

10:15 | ஊர் சித்தப்பா: போன வாரம் ரேஷன் கடையில பாத்தேன். நீ கடைசியா கொண்டு வந்தியே ஊதா, அதைத்தான் கட்டியிருந்தாங்க