கார் ஏசி காற்று குறைகிறதா? கேஸ் ஏற்றும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

எங்கள் ஊர் போடி. பங்குனி, சித்திரையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். அந்தச் சமயத்தில் ஒருநாள் கார் ஏசியின் ஃபேனை நாலில் வைத்தும் இரண்டில் வைத்த அளவுக்குத்தான் காற்று வந்தது. சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. கேஸ் குறைந்திருக்கும், ஏற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். ஆனால் வந்த காற்று நல்ல சில்லென்றே இருந்தது, அளவுதான் பற்றவில்லை. அதனால் முதலில், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

என் வண்டியில் டாஷ்போர்டில் இருக்கும் க்ளவ் பாக்ஸின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அழுத்தினால் பெட்டி கீழே தொங்கும். பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். வெளியே இழுத்தால், மடிப்புக்கு மடிப்பு பஞ்சும் வேப்பிலைச் சருகும் அடைத்துக்கொண்டு மொத்தமும் சாம்பல் நிறத்தில் இருந்தது. போன சர்வீஸ் பில்லில் இதை மாற்றியதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்! அது எனக்கு நிஜமாகவே கோபம். இப்போதெல்லாம் புது ஃபில்டரின் ஓரத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரில் எழுதித்தான் போடுகிறேன். சர்வீஸில் மாற்றினால் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். நீங்களே மாற்றினால் அம்புக்குறியைக் கவனியுங்கள், அது காற்று போகும் திசை.

---

அண்ணே, சரியாகச் சொன்னீர்கள். என் அனுபவம் எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் எஞ்சின் ஏர் ஃபில்டரில். தினமும் கல்குவாரி ரோட்டில் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால்தான் போய் வருகிறேன். ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்று எல்லோரும் சொல்வார்கள். காற்றையும் பெட்ரோலையும் கம்ப்யூட்டர் இல்லாமல் கலந்த கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு அது பொருந்தும். இப்போதைய பெட்ரோல் வண்டிகளில், உள்ளே வரும் காற்றுக்குத் தகுந்தபடி கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்ததும் இதைத்தான் சொன்னது: மைலேஜ் பெரிதாக மாறவில்லை, பிக்கப்தான் அடிவாங்கியது. எனக்கும் அப்படியே. மேட்டில் ஓவர்டேக் எடுக்கும்போது வண்டி திணறியது.

மைலேஜ் குறையவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பஞ்சர் கடையில் ஏர் பிடித்து ஊதி ஊதிப் பழைய ஃபில்டரையே ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரின் வண்டியைத் திறந்து பார்த்தோம். ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினால் மாவு மாதிரி தூசி ஒட்டியது. ஃபில்டர் காகிதத்தை லைட்டுக்கு நேரே பிடித்தால் மடிப்பில் பொத்தல். அந்தத் தூசி சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். அதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஃபில்டர் விலை ஒன்றுமே இல்லை. மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டர் சுமாரான ரோட்டுக்கு. குவாரிப் பக்கம் ஓட்டினால் அதில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

---

என் வண்டி பேஸ் மாடல், அதாவது இருப்பதிலேயே விலை குறைந்த மாடல். இதைப் படித்துவிட்டு க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் உள்ளே ஃபில்டரே இல்லை, வெறும் இடம்தான் விட்டிருக்கிறார்கள்! அம்மாவுக்கு வீசிங் உண்டு. நாளைக்கே வாங்கிப் போடுகிறேன்.