மறு: 'ரெஃப்யூஜியம்' – 'புகலிடம்' ஏன் வேண்டாம் என்கிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பவளத் தொட்டிச் சொற்பட்டியலில் 'ரெஃப்யூஜியம்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்து வருகிறேன். 'புகலிடம்' என்றே முடித்துக்கொள்ளலாம் என்று பெரும்பாலோர் சாய்ந்திருப்பதால், தாமதமானாலும் எழுதிவிடுகிறேன். அந்தச் சொல்லை என் வீட்டுத் தொட்டியில் எழுதி ஒட்டி ஓராண்டுக்கு மேல் புழங்கியவள் நான். அதனால் என்ன ஆனது என்பதைச் சொன்னால்தான் என் மறுப்பு புரியும்.

பவளத் தொட்டி வளர்க்காதவர்களுக்காக முதலில் சில வரிகள். மேலே கூடத்தில் கடல்நீர்த் தொட்டி. அதில் மீன், காளான் பவளம், பாறை. அதற்கு அடியில் அலமாரிக்குள் இன்னொரு தொட்டி. மேலிருந்து நீர் வழிந்து இதற்குள் வந்து, மோட்டார் வழியாகத் திரும்ப ஏறும். இந்தக் கீழ்த்தொட்டியில் ஒரு அறையைத் தடுத்து, விளக்குப் போட்டு, கண்ணுக்குத் தெரியும் பெரிய பாசிகளை வளர்ப்பதுதான் ரெஃப்யூஜியம். மீனுக்கு நாம் போடும் தீனி கழிவாகி, கடைசியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாக நீரில் சேரும். பவளத் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்ற அளவில் வைத்துக்கொள்ளத்தான் பெரும்பாலோர் முயல்வார்கள். அது ஏறினால் பாறையெல்லாம் பச்சை முடி முளைத்துப் பவளத்தை மூடிவிடும். கீழே வளரும் பாசி அந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சித் தன் உடம்பாக மாற்றிக்கொள்கிறது. மீன் எட்டாத அந்த அறையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிறு கணுக்காலிகள் பெருகும். லத்தீனில் அடைக்கலம் என்ற பொருளில் பெயர் வந்தது இவற்றுக்காகத்தான்.

இனி என் வீட்டுக் கதை. குன்னூரில் முந்நூறு லிட்டர் தொட்டி. கீழ்த்தொட்டியில் காலர்ப்பா பாசி. இறகு இறகாக, பார்க்க அவ்வளவு அழகு. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினேன். அந்த அறைக்கு 'புகலிடம்'. போன ஆண்டு அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஐந்து வாரம் மதுரையில் இருக்க வேண்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுத்து, தீனி, நன்னீர், விளக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பாசியைக் குறைக்கச் சொல்ல மறந்துவிட்டேன்.

திரும்பி வந்த மறுநாள் விடிகாலையில் கதவைத் திறந்ததும் வாடை. கடற்கரை வாடை இல்லை, அழுகிய கீரையின் வாடை. கீழ்த்தொட்டி நீர் பச்சைமோர் போலக் கலங்கியிருந்தது. இறகுகள் இருந்த இடத்தில் இறகுகள் அப்படியே இருந்தன. ஆனால் பச்சை முழுக்க வடிந்து, கண்ணாடித்தாளில் வெட்டி ஒட்டியதுபோல. விரலால் தொட்டதும் கரைந்தது. காலர்ப்பா அப்படித்தான்: அடர்ந்து நெருங்கிப் போனால் ஒரே இரவில் தன் உயிர்ச்சத்து முழுவதையும் இனப்பெருக்க அணுக்களாக்கி நீரில் கொட்டிவிட்டு வெறும் கூடாகிவிடும். மாதக்கணக்கில் உறிஞ்சி வைத்ததெல்லாம் சில மணி நேரத்தில் திரும்ப நீருக்குள். மேல்தொட்டியில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு இறந்தன. நைட்ரேட் சோதனைக் குழாய் செக்கச் செவேலென்று நின்றது.

பையன் அழாத குறை. "புகலிடம்னு எழுதியிருந்துச்சு டீச்சர். அதான் கை வைக்கல."

அவன் தமிழைச் சரியாகத்தான் படித்தான். தஞ்சம் புகுந்ததை யார் பறிப்பார்கள்? அடைக்கலம் என்றால் காக்க வேண்டும் என்பதுதான் நம் மொழி அந்தச் சொல்லுக்குள் வைத்திருக்கும் அறம். பிழை சொல்லைத் தேர்ந்த என்னுடையது. இழையில் இன்னொருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> வடிகட்டி என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். 'பாசி வடிகட்டி' என்றால் என்ன குறை?

இதுவும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது, ஐயா. வடிகட்டி தானாக வேலை செய்யும். நாம் எப்போதாவது கழுவுவோம். இங்கே பாசி வளர்வதால் மட்டும் நைட்ரேட், பாஸ்பேட் என்ற உரம் தொட்டியை விட்டுப் போவதில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. பாசியைக் கையால் எடுத்து வெளியே போடும் அந்த நிமிடத்தில்தான் அது போகிறது. ஊட்டி ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக்கிடந்தால் அது நீரைச் சுத்தம் செய்கிறது என்று யாராவது விட்டுவைக்கிறார்களா? அது அங்கேயே அழுகினால் எடுத்த அழுக்கெல்லாம் திரும்ப ஏரிக்கே.

நீலகிரியில் இதைப் புரியவைக்கப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தேயிலைக்காரர்களிடம் கேளுங்கள். கொழுந்தை விடாமல் பறிக்கிறோம். பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும். பறிக்காமல் விட்டால் இடுப்புயரச் செடி மரமாகிவிடும். பறித்த கொழுந்தோடு மண்ணின் தழைச்சத்தும் மூட்டை மூட்டையாகத் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் உரத்துக்கு இத்தனை செலவு. பவளத் தொட்டியில் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். உரம் தினமும் தீனியாக வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. கொழுந்துதான் வெளியே போக வேண்டும். என் மாமியார் கோத்தகிரிப் பக்கத்தில் நாற்பது ஆண்டு கொழுந்து பறித்தவர். தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுக்குக் கவாத்து எப்போ?" என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு அதை அவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ('கவாத்து' என்றே வைக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் கவாத்து சில ஆண்டுக்கு ஒருமுறை கிளையையே வெட்டுவது. இங்கே நடப்பது வாராவாரம் பறிப்பு.)

ஆகவே என் முன்மொழிவு: பறிதொட்டி.

இது வினைத்தொகை. குடிநீர், ஊறுகாய், சுடுசோறு போல. பறித்த தொட்டி, பறிக்கிற தொட்டி, பறிக்கும் தொட்டி என்று மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. ஒருமுறை பறித்து முடியும் வேலை இல்லை என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. பெயரைப் படிப்பவனுக்குக் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். எனக்கு அதுதான் முக்கியம்.

மற்ற சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. 'மேக்ரோ ஆல்கே'வுக்குப் பெரும்பாசி, எதிரே நுண்பாசி: முழு உடன்பாடு. 'கடற்பாசி' வேண்டாம் என்று சொன்னவர் சொன்னது சரி. மளிகைக் கடையில் கேட்டால் நோன்புக்காலத்து இனிப்புக்கான அகர்தான் கிடைக்கும். எங்கள் ஊரில் வெறும் 'பாசி' என்றால் ஓட்டில் படிவது, கல்பாசி என்றால் குருமாவில் போடுவது. சீட்டோமார்ஃபா என்ற பெரும்பாசிக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: சிக்குப்பாசி. பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் போலச் சிக்கிக்கொண்டு பந்தாகச் சுழலும். காலர்ப்பாவைப் போல ஒரே இரவில் கரைந்து போகும் பழக்கத்துக்குப் பெயர் போனதில்லை. இப்போது என்னிடம் அதுதான்.

'நியூட்ரியன்ட் லோடு' என்பதற்கு 'ஊட்டச்சத்துச் சுமை' என்று எழுதியிருந்தார்கள். சத்து என்றால் நமக்கு நல்லது. கூடினால் கெடுதல் என்ற எண்ணம் அதில் வராது. 'உரச்சுமை' என்கிறேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மூட்டையில் வாங்கினால் உரம்தானே.

இங்கே ஒரு கணக்கையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் உரச்சுமை ஒரே பொருள் இல்லை. கடல் மிதவை உயிரிகளில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16 என்பது பழகிய விகிதம். கடலடியில் பற்றி வளரும் பெரும்பாசிகளுக்கும் கடற்புற்களுக்கும் 1983இல் வெளிவந்த ஆய்வு ஏறத்தாழ 30 என்றது. அதைத் தொட்டிக் கணக்காக மாற்றினால், பாஸ்பேட் ஒரு மில்லிகிராம் குறைய, நைட்ரேட் ஏறத்தாழ 20 மில்லிகிராம் கூடவே போகும். அதனால் நைட்ரேட் பூஜ்யமாகிப் பாசி வளர்ச்சி நின்றுபோக, பாஸ்பேட் மட்டும் மிஞ்சிக் கிடப்பது பலருக்கும் நேர்கிறது. பறிப்பு நின்றால் பாஸ்பேட் இறங்காது. அந்த நிலையில் பாசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. குளிருக்கு ஜன்னல் சாத்தியே கிடப்பதால் வீட்டுக்குள் கரியமில வாயு ஏறி, தொட்டியின் பிஎச் இறங்கும். மேல்தொட்டி விளக்கு அணைந்த பிறகு கீழ்விளக்கை எரியவிட்டால் பாசி இரவு முழுக்கக் கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜன் விடும். இந்த ஏற்பாட்டுக்கு 'மாற்றுவேளை ஒளி' என்று எழுதிவருகிறேன். வேறு நல்ல சொல் இருந்தால் ஏற்பேன். கடலோரத்தில் இது வசதி. இங்கே ஹீட்டருக்கு அடுத்தபடியாக இதுதான் மீனின் உயிர்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

குன்னூரிலிருந்து

*

டீச்சருக்கு வணக்கம்.

ராமநாதபுரம் கடற்கரையில இருக்கிற மண்டபம் ஊருக்குப் பக்கத்துப் பொண்ணு நான். அம்மாவும் பெரியம்மாவும் பாசி எடுக்கப் போறவங்க. நீங்க எழுதுனதுல அந்தப் பையன் சொன்னதைப் படிச்சுட்டு மனசு கேக்கல, அதான் பதில் எழுதுறேன்.

'பறிதொட்டி'ன்னா எங்க பக்கம் வேற மாதிரி காதுல விழும். பறிங்கிறது மீன் போட்டுக்கிற ஓலைப் பை. வலை வீசுறவங்க இடுப்புல கட்டியிருப்பாங்க. மீன் போட்டு வைக்கிற தொட்டின்னு நெனச்சுக்குவாங்க. சொல்லுக்குள்ள பாசி வரணும் டீச்சர்.

இன்னொண்ணு. நாங்க 'பறிக்கிறோம்'னு சொல்றதில்ல, 'எடுக்கிறோம்'னுதான் சொல்லுவோம். ஆனா எடுக்கிறதுலயும் முறை இருக்கு. கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி எடுக்கையில பாறையைப் புடிச்சிருக்கிற அடியை விட்டுட்டு மேலதான் எடுக்கணும்னு அம்மா சொல்லும். அடியோட வந்துட்டா அடுத்த தடவை அந்தப் பாறையில ஒண்ணும் இருக்காது. விரல்ல துணி சுத்திக்கிட்டு முங்குறவங்க அவ்வளவு பார்த்து எடுக்குறாங்க. 'மரிக்கொழுந்து'ன்னு பேருலயே கொழுந்து இருக்குறது உங்க மாமியாருக்குப் புடிக்கும்.

கடைசியா, எடுத்த பாசியைக் கடலோர ஊர்க்காரங்க யாரும் கடல்ல கொட்டிடக் கூடாதுன்னு உங்க கட்டுரையில சேருங்க. மொனாக்கோவுல 1984ல பார்த்த ஒரு காலர்ப்பா மத்தியதரைக் கடல்ல எவ்வளவு தூரம் பரவுச்சுன்னு படிச்சிருப்பீங்க. எங்க குருசடைத் தீவுலயே வளர்ப்புக்குக் கொண்டாந்த கப்பாஃபைகஸ்ங்கிற பாசி பவளத்து மேல படர்ந்துட்டதை 2008ல எழுதுனாங்க.

*

அன்புள்ள மண்டபத்துத் தங்கைக்கு,

நீ சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஓலைப் பறியை நான் நினைக்கவே இல்லை. சொல்லுக்குள் பாசி வரட்டும்: பறிபாசி, பறிபாசித் தொட்டி. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது; 'பறிப்பாசி' என்று எழுதாமல் 'பறிபாசி' என்றே எழுத வேண்டும். பட்டியலில் ஏற்றும்போது திருத்தாளர்கள் இதைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. வளர்க்கும் பாசிக்கே 'பறிபாசி' என்று பெயர் வந்துவிட்டதால், பாறையில் வேண்டாமல் முளைக்கும் பச்சை முடியிலிருந்து அது தனியாகப் பிரிகிறது. அதைக் களைப்பாசி என்று விட்டுவிடலாம்.

'எடுபாசி' என்றும் எழுதிப் பார்த்தேன். எடுபிடி, எடுகூலி என்று அந்த முன்னொட்டுக்கு வேறு வாடை வந்துவிட்டதால் மனம் ஒப்பவில்லை. உங்கள் வழக்கான 'எடுப்பு' வேறு இடத்தில் நன்றாகப் பொருந்துகிறது: ஒவ்வொரு முறையும் எடுக்கும் அளவுக்கு 'எடுப்பு' என்றே போடலாம். "இந்த வார எடுப்பு நானூறு கிராம்." குறிப்பேட்டில் இன்றே எழுதத் தொடங்கிவிட்டேன்.

கடலில் கொட்டக் கூடாது என்பதை முதல் பத்தியிலேயே சேர்க்கிறேன். இங்கே நான் எடுப்பை நன்னீரில் இரண்டு முறை அலசி உப்பைப் போக்கிவிட்டு, பின்புறத்து எருக்குழியில் போடுகிறேன். மீன் தின்ற தீனி இப்போது பீட்ரூட் பாத்தியில் இருக்கிறது.

பழைய சீட்டை நேற்று கிழித்தாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனையே புதியதை எழுதச் சொன்னேன். 'பறிபாசித் தொட்டி' என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் அவனாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறான்: 'ஞாயிற்றுக்கிழமை பாதி எடுக்கவும். அடியை விடவும்.' சிக்குப்பாசிக்கு அடி என்று ஒன்று கிடையாது, மிதந்து சுழல்வதுதான். ஆனாலும் அந்த வரியை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு சிறு கல்லோடு கஞ்சிப்பாசி வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு எவ்வளவு நீரோட்டம் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுது.

குன்னூரிலிருந்து, அன்புடன்.