காரம், எரிகாரம், நீற்றுக்காரம்: ஆல்கலிக்கு ஒரு சொல்

மன்னார்குடி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை ஆய்வக அடுக்குகளுக்குப் புதிய பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். நாளை மாலைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

எங்கள் பாடநூலில் பேஸ் என்பது காரம். நீரில் கரையும் காரம், அதாவது ஆல்கலி, எரிகாரம். சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இந்தப் பெயர் பொருந்துகிறது. ஆனால் அதே அடுக்கில்தான் சுண்ணாம்பு நீரும் இருக்கிறது. பழைய சீட்டில் 'எரிகாரங்கள்' என்று படித்த ஒரு மாணவி அந்தப் புட்டியைத் தாவணித் தலைப்பால் பிடித்துத் தூக்கினாள். வீட்டில் ஆரத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் விரலாலேயே கரைக்கிற பெண் அவள். இன்னொருவன் பச்சை மிளகாயை நசுக்கிச் சிவப்பு லிட்மஸில் தேய்த்தான். காரம் என்றால் நீலமாக வேண்டுமே! தாள் சிவப்பாகவே இருந்தது. அவனுக்குச் சந்தேகம் மிளகாய்மேல் இல்லை, என்மேல்தான்.

மிளகாயை நான் பார்த்துக்கொள்கிறேன். எரிகாரத்துக்கு மாற்று உண்டா?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

வணக்கம் ரீச்சர். எங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. பேஸ் என்பது மூலம், ஆல்கலி என்பது காரம். சொல்லிலும் நியாயம் இருக்கிறது. 1754இல் பிரெஞ்சு வேதியியலர் ருவேல், அமிலத்தோடு சேர்ந்து உப்புக்குத் திண்ம வடிவம் தரும் அடிப்படை என்ற பொருளில்தான் பேஸ் என்றார். மூலம் அதற்கு நேரான தமிழ். கலைச்சொல் வேலை இங்கே நேற்றுத் தொடங்கியதல்ல. மானிப்பாய் மருத்துவர் கிறீன் தொடங்கிவைத்த பணியில் 1875இலேயே வேதியியல் நூல் தமிழில் வந்தது. அதன் பெயர் 'கெமிஸ்தம்' என்பதால் தூய்மை பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, மன்னிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பஸ் நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம்' விளம்பரம் பார்க்காத பிள்ளை இல்லை. 'அமிலமும் மூலமும் வினைபுரியும்' என்று எழுதினால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான். மேலும் உங்களிடம் தனிமத்துக்கு மூலகம், அதற்கடுத்து மூலக்கூறு. ஒரே பக்கத்தில் மூன்று மூலத்தை யார் தாங்குவது?

கும்பகோணம் புலவர்:

முதலில் ஒன்று. காரம் என்பதே க்ஷாரத்தின் திரிபு. நாவில் உறைக்கும் சுவைக்குத் தமிழ் கார்ப்பு. இரண்டையும் ஒரே ஓசையில் கட்டிப்போட்டதன் விளைவுதான் அந்தச் சிறுவனின் மிளகாய். அமிலத்தையும் விட்டுவிட்டுக் காடி என்று சொல்லலாம். அதைப் பிறகு பேசுவோம்.

ஆல்கலி அரபுச் சொல். செடியை எரித்துக் கிடைக்கும் சாம்பலைக் குறித்தது. தமிழில் சாம்பல் என்ன? நீறு. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீர் தெளித்தால் வருவது என்ன? அதுவும் நீறு. சாம்பற்காரமும் சுண்ணாம்பும் என்று ஆல்கலியின் இரண்டு பழைய ஊற்றுகளையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி வேறு எது? ஆகவே 'நீற்றம்' என்று முன்மொழிகிறேன். காரத்தை விடமுடியாதவர்கள் 'நீற்றுக்காரம்' என்று வைத்துக்கொள்ளட்டும்.

உழவரிடம் கேட்டால் களர்நிலம் என்பார். ஆல்கலி நிலம் அதுவே. அரபியரின் 'கலி' நம் 'களர்' கடல் கடந்து போனதாகவே இருக்கலாம் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

தூத்துக்குடி, ஆலையில் பணியாற்றிய வேதியியலர்:

புலவரையா, களர் கப்பலேறியதற்கு உங்கள் ஆர்வத்தைத் தவிர வேறு சான்று தென்படவில்லை. ஆனால் நீறு அருமை. ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் சொல்லின் வேரைப் பார்த்துப் பொருளை அளக்க முடியாது. படிகாரத்தை நீரில் கரைத்து நீல லிட்மஸை நனைத்துப் பாருங்கள், சிவக்கும். பெயரில் காரம், கரைசலில் அமிலம். ஆக்சிஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தை உண்டாக்குவது என்று நம்பி லவாய்சியர் வைத்த பெயர். குளோரின் ஒரு தனிமம் என்று 1810இல் டேவி காட்டியபோது, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று ஆகிவிட்டது. பெயரை யாரும் மாற்றவில்லை. எனவே எரிகாரம் எரிக்காவிட்டாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று: கந்தக அமிலப் புட்டியில் காடி என்று ஒட்டிவிடாதீர்கள். காடியை ஊறுகாயில் ஊற்றும் வீடுகள் இருக்கின்றன. அந்த மாணவி துணியால் பிடித்ததிலும் தவறில்லை. சுண்ணாம்பு நீர் கண்ணில் தெறித்தால் தெரியும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

நீற்றுக்காரமா, நீறுக்காரமா? நீறாகிய காரம் என்று விரித்தால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை, அதாவது அல்வழி. றகரம் இரட்டுவது வேற்றுமையில் அல்லவா?

கும்பகோணம் புலவர்:

நீற்றிலிருந்து பெறும் காரம் என்று விரியுங்கள், வேற்றுமை வந்துவிடும். அல்வழி என்றே வைத்தாலும், நன்னூலார் 'மிகவே' என்றதனால் சிறுபான்மை அங்கும் இரட்டும். ஏற்றுப்பன்றி என்ற எடுத்துக்காட்டை மறந்துவிட்டீர்களா?

தூத்துக்குடி வேதியியலர்:

பன்றி வந்துவிட்டது. அச்சகம் எத்தனை மணிக்கு மூடுவார்கள், அம்மா?

மன்னார்குடி ஆசிரியை:

ஏழு மணிக்கு. கொடுத்துவிட்டேன்.

நீற்றுக்காரத்தை நேற்று வகுப்பில் சொல்லிப்பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. ஒருவன் உடனே எழுந்து, "அப்படியானால் அம்மோனியா எந்தச் சாம்பலிலிருந்து வருகிறது?" என்றான். என்னிடம் பதில் இல்லை, புலவரையா. தேர்வுத் தாளில் எரிகாரம்தான் வரும் என்பதும் உறுத்தியது. அதனால் மேல் அடுக்குக்கு 'காரங்கள்: நீரில் கரைபவை', கீழ் அடுக்குக்கு 'காரங்கள்: நீரில் கரையாதவை' என்று அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். தாமிர ஆக்சைடு கீழே போகிறது. எரிகாரம் என்ற சொல் சோடியம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு புட்டிகளில் மட்டும், சிவப்பு எழுத்தில்.

சுண்ணாம்புதான் இடிக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 2 கிராம்கூடக் கரைவதில்லை. புட்டியின் அடியில் எப்போதும் வெள்ளையாய்த் தங்கியிருக்கிறது. இப்போதைக்கு மேலே வைத்திருக்கிறேன்.

கும்பகோணம் புலவர்:

அம்மோனியாக் கேள்வி கேட்ட பிள்ளைக்கு என் வாழ்த்து. 'நீரில் கரைபவை' என்பது விளக்கம், கலைச்சொல் அன்று. என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

சீட்டில் லிட்மஸ் என்று அச்சாகிறதா, ரீச்சர்? நாங்கள் பாசிச்சாயம் என்போம்.

மன்னார்குடி ஆசிரியை:

ஐயா, அதைத் தேர்வு முடிந்து பேசுவோமா?