ஊர்ப் படங்கள்: அனுப்பும் முன் பெயரை மாற்றாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

சேலம் குகைப் பகுதியில் நாம் எடுத்த ஆடித் திருவிழா, கல்யாணம், காதுகுத்துப் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கலாம் என்று பேசியபின் படங்கள் வந்து குவிகின்றன, சந்தோஷம். ஆனால் பாதிப் பேர் ஆசையாகப் பெயர் மாற்றி அனுப்புகிறீர்கள், அதை மட்டும் நிறுத்துங்கள். 'மாமா கல்யாணம் 3' என்று ஒரு கோப்பு வந்திருக்கிறது. யாருடைய மாமா? உங்களுக்கு மாமா, எனக்குச் சித்தப்பா, எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியார்.

கேமரா வைத்த பெயரும் ஒன்றும் ஒழுங்கில்லை. டிஎஸ்சி 0001-இல் தொடங்கி 9999 வரை போய் மறுபடி 0001-க்கே வந்துவிடும், இன்னொருவர் கேமராவிலும் அதே பெயர் இருக்கும், ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்று இன்னொன்றை அழித்துவிடும். ஆனாலும் அப்படியே அனுப்புங்கள். படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்று எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல் எல்லாம் பதிந்திருக்கிறது. அதை வைத்து எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரல் மொத்தமாகப் பெயர் மாற்றிவிடும். '2009-09-04_1032_கல்யாணம்' என்கிற மாதிரி வருஷம், மாதம், நாள், நேரம் என்ற வரிசையில் வைக்கிறேன், அப்போதுதான் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கும். நாள் எண்ணை முதலில் போட்டால் எல்லா வருஷத்து 1-ஆம் தேதியும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயர் சின்னதாகவே இருக்கும், ஏனென்றால் பல சிஸ்டங்களில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் கொம்பு, புள்ளி ஒவ்வொன்றுமே 3 பைட் பிடிக்கும்.

பெரிய தலைவலி கடிகாரம்தான். செல்போன் ஊருக்கு வந்ததும் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கையில் தூக்கி வரும் கேமரா மாற்றாது. ஆடித் திருவிழாவில் சாமி வேஷம் போட்டு அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை ஊர்வலத்தில், முருகன் வேஷம் போட்ட ஒரு பொடியன், வேலைத் தோளில் சாத்திக்கொண்டு வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறான். அதே கொட்டாவி துபாய்க்காரர் கேமராவில் 7:10-க்கு, சிங்கப்பூர்க்காரர் கேமராவில் 11:10-க்கு. ஊரில் அப்போது இரவு 8:40. (அந்த முருகன் இப்போது இந்தக் குழுவில்தான் இருக்கிறார், யாரென்று சொல்லமாட்டேன்.) அமெரிக்காவிலிருந்து வந்த கேமரா என்றால் விடியற்காலைப் படமெல்லாம் முந்தின நாளுக்கே போய்விடுகிறது. இது எந்த ஊர் நேரம் என்று குறிக்க எக்ஸிஃபில் தனி இடம் வந்ததே 2016-இல்தான். அதனால் கேமரா வாரியாகப் பிரித்து, இப்படி இருவர் கேமராவிலும் விழுந்த ஒரு நொடியைக் கண்டுபிடித்து, அந்த கேமராவின் படங்களை மொத்தமாக ஒன்றரை மணி, இரண்டரை மணி என்று நகர்த்த வேண்டியிருக்கிறது. எந்த வருஷம் எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு வேலை பாதியாகும்.

வாட்ஸப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பவே அனுப்பாதீர்கள், அது படத்தைச் சுருக்குவதோடு எக்ஸிஃபையும் உருவிவிடுகிறது. அதன் பெயரில் தெரியும் தேதி, படம் எடுத்த தேதி என்று நம்ப முடியாது. வேறு வழியில்லை என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படத்தில் யார் யார் என்பது கோப்பின் பெயரில் வேண்டாம். தனியாக ஒரு தாளில், இடமிருந்து வலமாக, உறவுமுறை இல்லாமல் பெயரும் தெருவும் எழுதுங்கள், நான் டிஜிகாம் என்ற படத்தொகுப்பு நிரலில் ஏற்றிக்கொள்கிறேன். ஒரே படம் நாலு பேரிடமிருந்து வந்தால் கவலை வேண்டாம், இரட்டைகளைப் பிடிக்க நிரல் இருக்கிறது.

பழைய பிரிண்டுகளை ஸ்கேன் செய்பவர்கள் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் பேனாவில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். ஸ்கேன் கோப்பில் தெரிவது ஸ்கேன் செய்த தேதி, அதனால் வருஷம் மட்டும் தெரிந்தால் '1985-00-00' என்று வைக்கிறேன். ஆல்பத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், தாளோடு எடுத்து அனுப்புங்கள், நான் வெட்டிக்கொள்கிறேன்.