மிஷனரி மாநாட்டுச் செய்தியாளர்கள்: கிட்டே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாயர்புரத்தான்:

மிஷனரி மாநாட்டில் செய்தியாளராக, அதாவது பிரசங்கியாராக, யார் பேசினார், எந்த வசனத்தை எடுத்தார் என்றெல்லாம் எல்லாரும் எழுதிவிடுகிறார்கள், வீடியோவும் யூடியூபில் கிடக்கிறது. மேடையை விட்டு இறங்கிய பிறகு அந்த ஆள் எப்படி இருந்தார் என்பதுதான் எங்கும் கிடைப்பதில்லை. ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வந்தவர்கள், வீட்டில் தங்க வைத்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், சாப்பாடு போட்டவர்கள் என்று இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், எழுதுங்கள். திட்ட வேண்டியிருந்தால் பேர் போடாமல் திட்டுங்கள்.

நானே தொடங்குகிறேன். எங்கள் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த பிரிவு) மாநாடு என்றால் நான் உபசரிப்புக் குழு. ஒரு வருஷம் வந்த சிறப்புச் செய்தியாளருக்கு போஸ்டரில் முக்கால்வாசி இடம் அவர் முகம்தான். ஏசி அறை, தனி கார், மேடை ஏறும்வரை யாரும் பார்க்கக்கூடாது, ஐயா ஜெபத்தில் இருக்கிறார் என்று உதவியாளர் ஒருவர் கதவுக்கு வெளியே காவல். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினார், ஜனம் அழுதது. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியதில் அவர் சொன்ன ஒரு ஊருக்கும் பேர் இல்லை. "வடக்கே ஒரு கிராமம்", "ஒரு காட்டுவாசி", "ஒரு மந்திரவாதி", அவ்வளவுதான்.

அதே ராத்திரி காணிக்கைக்கும் அறிவிப்புக்கும் நடுவில் இன்னொருவருக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். நம்ம மாவட்டத்துக்காரர்தான், ஜார்கண்டில் சாகிப்கஞ்ச் பக்கம் ராஜ்மகால் மலையில் மால்டோ என்ற பழங்குடி மக்களோடு இருக்கிறார். அற்புதம் எதுவும் சொல்லவில்லை. காலா அசார் என்று ஒரு காய்ச்சல், மணல் ஈ கடித்து வருவது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளிவிடும், வைத்தியம் பார்க்காமல் விட்டால் ஆள் பிழைப்பது அரிது என்று சொன்னார். மழைக்காலத்தில் நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்குவதைச் சொன்னார். அந்த மக்கள் மலைச்சரிவில் பர்பட்டி என்ற காராமணி வகையும் சபாய் புல்லும் விளைவிக்கிறார்கள், வட்டிக்காரன் முன்பணம் கொடுத்துவிட்டு விளைந்ததை அடிமாட்டு விலைக்கு எடுத்துப் போகிறான் என்பதை வியாபாரக் கணக்கு மாதிரி விளக்கினார். அவர்கள் பேசுவதும் திராவிட மொழிதான் என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முடிக்கச் சொல்லிச் சீட்டு வந்தது, முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியின் கால் கழன்று நூல் கட்டியிருந்தார், அதைச் சரி செய்ய ஒரு கடை காட்டச் சொன்னார்.

பந்தல் மைக்:

நான் ஆங்கிலச் செய்தியாளர்களுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்கிறவன். சம்பளம் கிடையாது, சால்வை உண்டு. மொழிபெயர்ப்பாளர் "அவர் ஒரு ஜோக் சொன்னார், எல்லாரும் சிரித்துவிடுங்கள்" என்று சொன்ன கதையை எல்லாரும் தனக்கே நடந்த மாதிரி சொல்வார்கள், எனக்கு அது நடக்கவில்லை. எனக்கு நடப்பதெல்லாம் வசனத்தில்தான். அவர் ஏதோ ஒரு புது ஆங்கிலப் பதிப்பிலிருந்து வசனத்தைச் சொல்வார், எனக்கு அது நம்ம வேதாகமத்தில் இருக்கிறபடியே வாயில் வர வேண்டும், ஒரு சொல் தவறினாலும் முன்வரிசைப் பாட்டிமார் சத்தமாகத் திருத்திவிடுவார்கள். நல்ல செய்தியாளர் என்றால் முந்தின நாளே வசனப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார், ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டு நிறுத்துவார். சிலர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்துவிடும், நமக்குக் கடைசியில்தானே வரும், அதுவரை நான் என்ன செய்ய?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு விருந்தினர் ஒருவர் பழங்குடி மக்களைப் பற்றிப் பேசும்போது, நாங்கள் போவதற்கு முன் அவர்கள் மிருகங்களைப் போல வாழ்ந்தார்கள் என்றார். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மிகவும் கஷ்டப்பட்டார்கள்" என்று மாற்றிச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டேன், கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் நர்சிங் படிக்க வந்த வடமாநிலப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. ஆங்கிலம் நன்றாகவே புரியும். நான் தமிழில் மறைத்து என்ன பிரயோஜனம், கேட்க வேண்டியவர்கள் நேராகவே கேட்டுவிட்டார்கள். சாப்பாட்டு வரிசையில் அவர்களைப் பார்த்தேன், இரண்டு பேர் சாப்பிடாமலே விடுதிக்குப் போய்விட்டார்கள். விருந்தினரிடம் இதைச் சொன்னேன். அவர் வருத்தப்பட்ட மாதிரிதான் தெரிந்தது, ஆனால் ராத்திரிக் கூட்டத்தில் அது பற்றி ஒன்றும் பேசவில்லை.

ஐயரம்மா வீட்டு மருமகள்:

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் யாராவது தங்குவார்கள். ஒரு தடவை மிசோராமிலிருந்து ஒரு அக்கா, பெண்கள் கூட்டத்தில் பேச வந்திருந்தார்கள். அவர்கள் பையிலிருந்து ஒரு வாடை, எலி ஏதும் செத்துக் கிடக்கிறதோ என்று அத்தை பரணெல்லாம் தேடிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால் அது பெகாங், சோயாவைப் புளிக்க வைத்துச் செய்வது, அவர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காதாம். பதிலுக்கு நாங்கள் நெத்திலிக் கருவாடு பொரித்து வைத்தோம், அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்புறம் சாம்பார் பக்கமே அவர்கள் திரும்பவில்லை.

கூட்டத்தில் பிடியரிசி பற்றிச் சொன்னார்கள். அங்கே 1910ல் தொடங்கியதாம், ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுப்பது, அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்கு. இங்கேயும் பிடியரிசி உண்டு, எங்கள் பாட்டி காலத்துப் பெட்டி இன்னும் அடுப்படியில் இருக்கிறது, இப்போது அதில் பூண்டு கிடக்கிறது. அங்கே இன்னும் விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிஷனரியைக் கூப்பிடுகிறீர்கள், கூடவே மனைவியும் வருகிறார்கள், அவர்களுக்கு யாரும் மைக் கொடுப்பதில்லை. "ஒரு பாட்டு பாடுங்கம்மா" என்பதோடு சரி. எங்கள் வீட்டில் தங்கிய ஒரு அம்மா அந்த மலைக் கிராமத்தில் பிரசவம் பார்க்கிறவர்கள், ராத்திரி எங்கள் திண்ணையில் அவர்கள் பேசியதில் பாதிகூட ஐயா மேடையில் பேசவில்லை.

கணக்குப் பிள்ளை:

எல்லாரும் பெரிய செய்தியாளர்களைத்தான் அடிக்கிறீர்கள். நான் பொருளாளராக இருந்தவன், நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த முகம் போஸ்டரில் இல்லாவிட்டால் பந்தலில் பாதி நாற்காலி காலி. நாற்காலி காலியானால் காணிக்கை இல்லை, காணிக்கை இல்லாவிட்டால் சாயர்புரத்தான் சொன்ன அந்த மூக்குக்கண்ணாடிக்காரருக்கு மாசம் பணம் போகாது. ஏசி அறைக்கு ஆகும் செலவு எனக்கும் எரிச்சல்தான், ஆனால் வரவையும் பார்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்தைச் சேர்க்கட்டும், இன்னொருவர் விஷயத்தைச் சொல்லட்டும். கால் மணி நேரத்தை முக்கால் மணியாக்குவது நம்ம கையில்தான் இருக்கிறது, அதற்குச் செய்தியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய ரிக்கார்டு:

நேரம் என்றதும் ஞாபகம் வந்தது. 1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு, 1200 பேருக்குச் சற்று மேல், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேர்கூட இல்லை. பகல் விவாதங்களில் ஒருவருக்கு 7 நிமிடம்தான், எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி. நம்ம ஆட்களை அங்கே விட்டிருந்தால் வாழ்த்துரையே முடிந்திருக்காது.

அந்த மாநாட்டில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியவர் நம்ம வெள்ளாளன்விளை வே. ச. அசரியா. வயது 35, அப்போது அவர் பிஷப் ஆகவில்லை, அது 1912ல். மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவில் இருக்கும் உறவு சரியில்லை என்று அந்த மிஷனரிகளின் முகத்துக்கு நேராகவே சொன்னார். கைகுலுக்குவது, உட்கார நாற்காலி கொடுப்பது, சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் அந்தப் பேச்சில் வருகிறது. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அவையில் பலருக்குக் கசந்தது. விருந்தினராகக் கூப்பிட்ட இடத்தில் அப்படிப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும்! நம்ம மேடைகளில் விருந்தினர் முதல் பத்து நிமிடம் கமிட்டிக்கு நன்றி சொல்வதிலேயே போய்விடுகிறது.

அவர் கதையில் எனக்கு அதைவிடப் பிடித்தது 1902. யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தார். அங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்துக் கடல் தாண்டி நம்ம தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியில் இத்தனை சபைகளை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் செய்யவில்லையே என்று அவருக்குச் சுருக்கென்றது. 1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்ததற்கு அந்தப் பயணம் ஒரு முக்கியக் காரணம்.

கேரளாவில் பம்பை ஆற்று மணலில் பிப்ரவரியில் நடக்கும் மாராமண் கன்வென்ஷன் என்ற கிறிஸ்தவப் பெருங்கூட்டத்திலும் நம்ம ஆட்கள் உண்டு. தொடக்க காலத்தில் பேசியவர் தமிழ் டேவிட் என்றே மலையாளிகள் அழைத்த சுவிசேஷகர். திருநெல்வேலியில் மிஷனரியாக இருந்த வாக்கர் ஐயர் (குருவானவரை ஐயர் என்றுதானே சொல்வோம்) 1912ல் இறக்கும் முன் பல வருஷம் அங்கே போய்ப் பேசினார். 1918ல் சாது சுந்தர் சிங். ஒரு தடவை போய் மணலில் உட்கார்ந்து பாருங்கள். செய்தியாளர் ஒரு வரி, மலையாளத்தில் ஒரு வரி என்று போகும், நமக்கு இரண்டும் பாதி பாதி புரியும்.

பேர் வேண்டாம்:

நான் பணித்தளத்தில், அதாவது வெளிமாநிலத்தில் மிஷனரியாக, இருப்பவன். எந்த மாநிலம் என்று சொல்லமாட்டேன், காரணம் கீழே வருகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் சபை சபையாகப் போய்ப் பேச வேண்டும், அதனால் நானும் உங்கள் பாஷையில் விருந்தினர்தான்.

எங்கே போனாலும் முதல் கேள்வி, எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்? ஒரு வருஷம் முழுக்க இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலும் ஒரு கிணற்றுத் தகராறிலும் போயிருக்கும். அதைச் சொன்னால் கேட்கிறவர் முகம் சுருங்கிவிடும். சில செய்தியாளர்கள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லிப் பழகிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கேட்கிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இப்போது மாநாட்டை இணையத்தில் நேரடியாகக் காட்டும் லைவ் விஷயம். மதமாற்றத் தடைச் சட்டம் ஒடிசாவில் 1967 முதல், மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல் இருக்கிறது, குஜராத்தில் 2003ல் வந்தது, ஜார்கண்டில் 2017ல். தமிழ்நாட்டில் 2002ல் கொண்டுவந்து 2004ல் எடுத்துவிட்டார்கள், அதனால் இங்கே யாருக்கும் அந்தப் பயம் பழக்கமில்லை. இங்கே மேடையில் ஒரு கிராமத்தின் பேரையும் ஒரு ஆளின் பேரையும் சொல்லி, படத்தையும் திரையில் போட்டால், அது அந்த நிமிடமே உலகம் முழுக்கப் போகிறது. அங்கே ஒருவர் வீட்டு வாசலில் போலீஸ் நிற்க அது போதும். மேலே ஊர்ப் பேர் சொல்லாததைக் குறை சொல்லியிருக்கிறீர்கள், சிலர் அதை வேண்டுமென்றே சொல்வதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பேரைச் சொல்லாவிட்டாலும் "காட்டுவாசி" என்று சொல்லாமல் இருக்கலாமே, அது வேறு விஷயம்.

ஒரு சம்பவம். எங்கள் பகுதிக்கு ஒரு செய்தியாளர் வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனார். சில மாதம் கழித்து எங்கள் கிராமத்துப் பையன் ஒருவன் மொபைலில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினான், தமிழ்நாட்டில் ஏதோ மாநாட்டில் அவர் பேசியது. பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, பின்னால் திரையில் ஓடிய படங்கள் நன்றாகப் புரிந்தன. அதில் ஒரு வீடு. வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார். "அந்த ஐயா என் வீட்டில்தான் சாப்பிட்டார். இடிந்த பின்சுவரை மட்டும் படம் எடுத்திருக்கிறார். முன்னால் நான் புதிதாகக் கட்டிய அறையில்தானே அவருக்குக் கட்டில் போட்டேன், அதை ஏன் காட்டவில்லை?" நான் என்ன பதில் சொல்ல? அந்த அறைக்காக அவர் செங்கல் சூளையில் இரண்டு பருவம் வேலை செய்தார். அதன்பிறகு வெளியூர்க்காரர் யார் வந்தாலும் அவர் வீட்டில் தங்க வைப்பதில்லை.

பந்தல் மைக்:

இதைப் படித்தபிறகு அந்த நர்சிங் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம் இருந்தது. இனி அது செல்லாது.

கணக்குப் பிள்ளை:

சரி, அந்த வீட்டுக்காரர் கேட்டது எனக்கும் தைத்துவிட்டது. ஆனால் லைவை நிறுத்தினால் துபாய், சிங்கப்பூரில் இருக்கும் நம்ம பிள்ளைகள் என்னைத்தான் போனில் பிடிப்பார்கள். பணித்தள அறிக்கை வரும்போது மட்டும் கேமராவை அணைத்துவிட்டுப் பாடகர் குழுவைப் போடலாமா?

சாயர்புரத்தான்:

போடலாம் அண்ணாச்சி, எங்கள் கமிட்டியிலும் கேட்டுப் பார்க்கிறேன். மிஷனரி அம்மாமாருக்குத் தனி நேரம் என்பதையும் சேர்த்துக் கேட்கிறேன், அதற்கு ஐயர் ஒத்துக்கொள்வார். கேமராத் தம்பிகள்தான் மசியமாட்டார்கள், போன வருஷம் புது ட்ரோன் வேறு வாங்கியிருக்கிறார்கள்.